குடைக்குள் கருப்பட்டி

சீனி வியாதிக்காரனுக்கு இரத்தத்தில் சீனி கூடினால் சாவு மெதுவாக வரும், குறைந்தால் அந்த நிமிடமே வரும் என்று நம்பியிருந்தேன். ஆகவே கூடியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். அதைவிடப் புத்திசாலித்தனமான முடிவை நான் எடுத்ததே இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ரப்பர் மலைக்குப் போனேன். இறக்கிய ரப்பர் பாலை நிறுக்கும் இடத்தில் கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, வாளியோடு உட்கார்ந்துவிட்டேன். கூட நின்றவர்கள் இனிப்புத் தேத்தண்ணி கொடுத்துத் தேற்றினார்கள்.

அன்றிலிருந்து கித்துள் பனைக் கருப்பட்டிதான் காவல். சட்டைப்பையில் ஒரு துண்டு, தலையணைக்கடியில் ஒன்று, மடக்கிய குடைக்குள் ஒன்று. மழையில் குடையை விரித்தபோது அது கங்காணியின் தலையில் விழுந்தது தனிக் கதை. கேகாலைப் பக்கத்து மலையில் ஏறினால் யாருக்குத்தான் வேர்க்காது? எனக்கு வேர்க்கும்போதெல்லாம் ஒரு கடி.

இதற்கிடையில் கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

"தேத்தண்ணியில சீனியே போடுறதில்லங்க மிஸ்" என்று நர்ஸிடம் சத்தியம் செய்தேன். பொய்யில்லை. எங்கள் பக்கம் கருப்பட்டியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டுதான் வெறுந்தேத்தண்ணி குடிப்போம். கோப்பைக்குள் எதுவும் போவதில்லை.

"கோப்பையில போடல மிஸ். வாயில போட்டுக்கிறாரு" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

நர்ஸ் சிரிக்கவில்லை. சீனியை அளந்தது போதும், பயத்தை அளப்போம் என்றார். சீனி குறைந்துவிடுமோ என்று தனியாக இருக்கப் பயமா? தூங்கப் பயமா? பயத்தில் தேவைக்கு மேல் சாப்பிடுவீர்களா? 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'எப்போதும்' வரை ஒன்றைச் சொல்ல வேண்டும்; பயம் கூடக் கூடப் புள்ளியும் கூடும். நான் யோசிப்பதற்குள் மனைவி ஒவ்வொன்றுக்கும் "எப்பவும்" என்றாள். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு புள்ளி வாங்கியதில்லை.

"பயந்தாலும் வேர்க்கும், கை நடுங்கும்" என்றார் நர்ஸ். "சீனி பார்க்கிற மிஷின் வாங்கி, வேர்த்தா முதல்ல விரல்ல குத்திப் பாருங்க. எழுபதுக்குக் கீழ இருந்தா உடனே இனிப்பு சாப்பிடுங்க. இல்லன்னா கருப்பட்டியத் தொடாதீங்க."

மிஷின் வாங்கினோம். அடுத்த வாரமே, மனைவியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் வழியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. சட்டைப்பைக்குள் விரல் போய்விட்டது.

"மொதல்ல அந்த விரலக் குடுங்க" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள செத்துட்டா?"

"செத்தவருக்குக் கருப்பட்டி எதுக்கு? குடுங்க."

கல்லில் உட்காரவைத்துக் குத்தினாள். கடவுளைக் கூப்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு.

கருப்பட்டியை அவள் தின்றாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வேர்வை காய்ந்தது. வேர்த்தால் குத்திப் பார்ப்பதே பிறகு பழக்கமாகிவிட்டது. சில மாதங்களில் சீனி இறங்கி, புண்ணும் ஆறியது. விரல் காலில்தான் இருக்கிறது.