ஒரே கதவு வைத்த டென்ட்

1. திரும்பி வந்த டென்ட்

வாடகைக்கு எடுத்த டென்ட்டைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் பையை மேசைமேல் வைப்பார்கள். ஃபிலோமினா வைக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே இறக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"உள்ள எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

"நீங்களே எடுத்துக்கங்கண்ணா. எனக்கு வேற டென்ட் குடுங்க."

நான் ஒரு நாளிதழில் புகைப்படக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதன்பிறகு சாரம் பகுதியில் சிறிய கடை போட்டேன். டென்ட், ஸ்லீப்பிங் பேக், ட்ரைபாட் எல்லாம் வாடகைக்கும் விலைக்கும் கொடுக்கிறோம். கடையில் இருப்பது நானும் கோபாலும் மட்டும். கோபாலின் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு மகன் தையலுக்குப் போனார். கிழிந்த டென்ட்டைத் தைப்பதும் தண்ணீர் இறங்காதபடி தையல்மேல் சீம் டேப் ஒட்டுவதும் அவர் வேலை. வாடிக்கையாளரிடம் வாயாடுவதும் அவர்தான்.

ஃபிலோமினா குருசுக்குப்பத்துக்காரர். கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறார். நிலக்காட்சிகள் எடுப்பது அவருடைய சொந்த ஆசை. மழை முடிந்ததிலிருந்து மரக்காணம் உப்பளங்களை எடுத்து வந்தார். முதல்நாள் மாலை தனியாகப் போய் வரப்பின்மேல் டென்ட் போட்டுத் தங்கி, விடியலில் எடுப்பார்.

அந்த டென்ட்டைத் தேர்ந்தெடுத்து மாத வாடகைக்குக் கொடுத்தது நான். நிலக்காட்சி எடுப்பவர்களுக்குக் கேமரா பையே தோளை அறுக்கும். டென்ட் எடை குறைவாக இருக்க வேண்டும். நம் கடற்கரையில் காற்று சொல்லிக்கொண்டு வராது. டென்ட் தாழ்வாகவும் அதைத் தாங்கும் கம்பிகள் உறுதியாகவும் இருக்க வேண்டும். எல்லாப் பருவத்துக்கும் ஆகிற டென்ட்டை ஃபோர் சீசன் என்பார்கள். "நம்ம ஊர்ல ஏது நாலு சீசன்? வேர்வை, மழை, ரெண்டுதான்" என்பார் கோபால்.

ஃபிலோமினா கூடுதலாக ஒன்று கேட்டார். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். சூரியன் ஏறியதும் கேமரா திரையில் படம் தெரியாது. ஆகவே இவர்கள் டென்ட்டுக்குள் புகுந்து, ஜிப்பை மூடிக்கொண்டு, எடுத்த படங்களை அங்கேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்காக ஒற்றைத் துணி டென்ட் ஒன்றைக் கொடுத்தேன். வெளியே கரும்பச்சை, உள்ளே வெளிச்சம் புகாத வெளிர் சாம்பல் பூச்சு. கதவு ஒன்றுதான். எடை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஜிப் போச்சா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா."

"தண்ணி எறங்குச்சா?"

"இல்ல."

"பின்ன என்னா பாப்பா, உள்ள பேயி எதாவது பங்குக்கு வந்துச்சா?" என்றார் கோபால்.

ஃபிலோமினா சிரிக்கவில்லை. கோபால் நூலைப் பல்லால் கடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"காலைல எடுத்த படத்த உள்ள உக்காந்து பாத்துட்டு இருந்தேண்ணா. நிமிந்தா, மூடியிருக்கற கதவுல ஒரு ஆளு. தலைகீழா நிக்கிறான். தலை தரையில, காலு மேல. நெழலு இல்லண்ணா, கலரோட தெரியுது. நீல லுங்கி. தலையில துண்டு. ஆடல அசையல."

"நீ என்ன பண்ணின?"

"வெளிய போவணும்னா அவன்மேல கைய வெச்சுதான் ஜிப்ப இழுக்கணும். கண்ண மூடிட்டு இழுத்தேன். எதிர்ல வெறும் தண்ணி. யாருமே இல்ல. அடுத்த வாரமும் அதே எடத்துல போட்டேன். அப்பவும் வந்தான்."

"கேமரா கையிலதான இருந்துச்சு? கதவ ஒரு படம் எடுக்கறதுக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். "எடுத்து, அதுல ஒண்ணுமே இல்லன்னா?"

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "எங்கம்மாவுக்கு என் வயசுலதாண்ணா ஆரம்பிச்சுது. செவுத்துல ஆளு நிக்குதும்பாங்க. நாங்க பாத்தா ஒண்ணும் இருக்காது. இன்னிக்கும் மாத்திரைலதான் இருக்காங்க. அண்ணன்கிட்ட இத சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்த பேசல. டாக்டர்கிட்ட போலாம், இனிமே தனியா எங்கயும் போவாதன்னு மட்டும் சொன்னாரு. அவரு என்னா நெனைக்கிறாருன்னு தெரிஞ்சுபோச்சு."

டென்ட் பை இன்னும் வாசலுக்கு வெளியே கிடந்தது. கோபால் எழுந்து போய் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

2. மொட்டைமாடி

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வரும் டென்ட் எதுவானாலும் மொட்டைமாடி வெயிலில் விறைப்பாகப் போடப்படும். ஒருவர் உள்ளே படுத்து, கதவை மூடி, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருப்பார். துணியில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். பிறகு கோபால் ஒட்டுப்போடுவார்.

அன்று நான் படுத்தேன். பின்சுவரில், உட்கார்ந்த ஆளின் மார்பு உயரத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது. வட்டம் போட்டுவிட்டு வெளியே வரக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

கதவில் பக்கத்து வீட்டுப் புடவைகள் கொடியிலிருந்து மேல்நோக்கித் தொங்கின. மஞ்சள் ஒன்று, ஊதா ஒன்று, காற்றில் ஆடின. சத்தம் இல்லை. அவற்றுக்கு நடுவே ஒருவர் நடந்து வந்தார். பாதங்கள் கூரையில், தலை தரையை நோக்கி. கையில் கவிழ்ந்த கண்ணாடித் தம்ளர். அதிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் கை ஜிப்பில் படாமல் அப்படியே நின்றுவிட்டது.

வேலை கற்ற காலத்தில் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டுப் படம் எடுத்தவன் நான். இருட்டறைக்கு ஒரு துளை இருந்தால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், வந்தது கோபால் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கோபால், அங்கியே நில்லு. கையத் தூக்கு."

"எதுக்குண்ணா? டீ ஆறுது" என்று துணிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. கதவில் ஒரு கை கீழே இறங்கியது.

ஃபிலோமினாவைக் கூப்பிட்டு உள்ளே உட்காரச் சொன்னேன். கோபால் வெயிலில் நின்று இடுப்பை ஆட்டினார். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. ஃபிலோமினா வெளியே வந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"இத வெளிய சொல்லிடாத பாப்பா. வீட்டுல தெரிஞ்சா நேரா நின்னும் ஆடச் சொல்லுவா" என்றார் கோபால்.

சொல்லிவிட்டு ஒட்டுப்போட ஓட்டையைத் தடவியவர் விரலை எடுக்கவில்லை. "அண்ணா, இது முள்ளு கிழிச்சது இல்ல. ஓரம் உருகி மணியாட்டம் கட்டியிருக்கு பாருங்க. நெருப்பு. பீடி முனையோ ஊதுவத்தியோ. வெளிய இருந்து வெச்சிருக்கு."

"நான் தீப்பெட்டிகூட எடுத்துட்டுப் போவமாட்டேன்" என்றார் ஃபிலோமினா.

ஓட்டை எதையும் தானாக உண்டாக்காது. வெளியே நிற்பதைத்தான் உள்ளே காட்டும். டென்ட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவன் நின்றிருக்கிறான். அதற்கு முன்பு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து துணியில் நெருப்பு வைத்திருக்கிறான். என் பயம் அது. ஃபிலோமினாவின் கவலை வேறாக இருந்தது.

"ஓட்டை இருக்கு, சரிண்ணா. அங்க ஆளு இருந்தான்னு எப்பிடி சொல்றது? எதையோ பாத்துட்டு நானா ஆளுன்னு நெனச்சிருந்தா?"

"போலீசுல சொல்லலாம்மா."

"என்னான்னு? டென்ட்டுல தலைகீழா ஆளு தெரிஞ்சான்னா? அவங்களும் அண்ணன் மாதிரிதான் பாப்பாங்க. நீங்க வாங்கண்ணா. நீங்க உள்ள உக்காந்து பாருங்க. என் கண்ண நான் நம்பல."

கோபாலிடம் ஓட்டையை ஒட்ட வேண்டாம் என்றேன்.

3. உப்பளம்

மழைத் தண்ணீர் வற்றாததால் பாத்திகளில் வேலை தொடங்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லை. போன பருவத்து உப்புக் குவியல்கள் பனையோலை மூடி வரப்புகளின்மேல் வரிசையாக நின்றன. காரைச் சாலையோரம் விட்டுவிட்டு, விடிவதற்குள் அவர் காட்டிய இடத்தில் டென்ட்டைப் போட்டோம். கதவு கிழக்கே, சூரியன் எழும் பக்கம்.

படம் எடுப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். காட்சி எந்தப் பக்கமோ கதவு அந்தப் பக்கம். முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நானும் இத்தனை காலம் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

சூரியன் தண்ணீரைவிட்டு மேலே வந்தது. ஃபிலோமினா கதவுக்கு முன்னால் சற்றுத் தூரத்தில் ட்ரைபாடுடன் கிழக்கே பார்த்து நின்றார். நான் கேமராவுடன் உள்ளே போய் ஜிப்பை மூடினேன்.

கண் பழகியதும் கதவில் உப்பளம் தெரிந்தது. வானம் தரையில் கிடந்தது. உப்புக் குவியல்கள் கூரையிலிருந்து முலைகள்போல் தொங்கின. வெயில் நேராக விழுந்ததால் ஓலையின் பழுப்புகூடத் தெளிவாக இருந்தது. வெகுநேரம் எதுவும் அசையவில்லை. ஒரு கொக்கு தலைகீழாகக் கடந்து போனது.

குவியல் ஒன்றின் ஓரத்திலிருந்து அவன் வந்தான். நடந்து வந்ததாகத் தோன்றவில்லை. அந்த இடத்தில் இல்லை, பிறகு இருந்தான். நீல லுங்கி. தலையில் துண்டு. கைகள் இரண்டும் தொங்கின. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். அந்தத் துளைக்கு அதற்குமேல் கூர்மை கிடையாது.

கூப்பிடுவதற்கு முன்னால் படம் எடுத்தேன். பத்திரிகைப் பழக்கம் அது. இருட்டுக்கு ஏற்ப ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, கேமராவை முழங்காலில் ஊன்றி, மூன்று முறை அழுத்தினேன்.

அவன் பெரிதானான். சற்றுப் பொறுத்துத்தான் அதன் பொருள் உறைத்தது: டென்ட்டை நோக்கி வருகிறான். லுங்கியின் நீலம் கதவு முழுவதும் பரவியது. பிறகு எல்லாம் அணைந்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை. அவன் ஓட்டையை மறைத்துக்கொண்டு நின்றான். எங்களுக்கு நடுவே இருந்தது ஒரு துணி மட்டும். மூச்சு கேட்டது. அது என்னுடையதா என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

"ஃபிலோ!" என்று கத்தினேன்.

சட்டென்று வெளிச்சம் திரும்பியது. ஜிப்பை இழுத்தேன். துணி மடிப்பு மாட்டிப் பாதியில் நின்றது. அந்த இடைவெளியில் தவழ்ந்து வெளியே விழுந்து, கயிறு தடுக்கி, டென்ட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். யாரும் இல்லை. ஓலை மூடிய குவியல்கள் மட்டும் வரிசையாக நின்றன. எதற்குப் பின்னால் வேண்டுமானாலும் ஒருவன் உட்கார்ந்திருக்கலாம்.

சேற்றில் தடங்கள் இருந்தன. வெறுங்கால். விரல்கள் டென்ட்டை நோக்கி. புதிய தடங்களுக்கு அருகே, ஈரம் போன ஓரத்தில், காய்ந்து வெடித்த பழைய தடங்கள். அவையும் அதே திசை பார்த்தவை. குதிகால் ஆழமாக இறங்கியிருந்தது. நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கும் ஆளுக்கு அப்படித்தான் இறங்கும்.

ஃபிலோமினா ஓடி வந்தார். கேமராத் திரையைக் கையால் மறைத்துக் காட்டினேன். மூன்று படங்களிலும் அவன் இருந்தான். அவர் கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து தடங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் பாதத்தை ஒரு தடத்தின்மேல் வைத்தார். அது அவர் பாதத்தைவிடப் பெரியது.

"நெஜ ஆளுண்ணா" என்றார். அந்த வெயிலில் அவர் முகம் சர்ச்சில் முதல் கம்யூனியன் முடித்துப் பூரித்து வந்த பிள்ளையின் முகம்போல் இருந்தது. "நெஜமாவே ஆளு!"

"மெதுவா பேசும்மா. கெளம்பு."

"இருங்கண்ணா, இந்தத் தடத்தயும் ஒரு படம் எடுத்துக்கறேன். அண்ணன்கிட்ட காட்டணும்."

அவர் மண்டியிட்டு நிதானமாக எடுத்தார். நான் குவியல்களைப் பார்த்தபடியே தரையில் அடித்திருந்த பெக்குகளைப் பிடுங்கினேன். சேற்றைத் துடைக்காமல் டென்ட்டைப் பையில் திணித்தது என் தொழிலில் அந்த ஒரு முறைதான். சாலையை அடையும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

4. கதவு பற்றி

காவல் நிலையத்தில் சொன்னோம். படத்தை வாங்கிப் பார்த்தார்கள். உப்பளக்காரர்களை விசாரித்தார்கள். நீல லுங்கிக்காரன் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. பத்திரிகையில் போடுவதாக இருந்தால் அந்தப் படத்துக்கு அடியில் போட என்னிடம் ஒரு பெயர் இல்லை.

அடுத்த வாரம் ஃபிலோமினா அண்ணனோடு கடைக்கு வந்தார். அண்ணன் தங்கைக்காக டென்ட்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். இப்போது ஃபிலோமினா தோழி ஒருத்தியுடன்தான் போகிறார். உப்பளத்துக்கு இல்லை, செஞ்சிப் பாறைகளுக்கு.

அவரிடமிருந்து நான் கற்றது, ஒருவர் பயப்படும்போது எதற்குப் பயம் என்று கேட்டுவிட வேண்டும் என்பது. அவன் இருக்கிறான் என்பதில் எனக்குப் பயம். இல்லாமல் போய்விடுவானோ என்பதில் அவருக்கு. ஒரே ஆள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு என் யோசனை இது: படம் எடுக்கத் தனியாகப் போகிறவருக்கு எடை பார்த்து டென்ட் கொடுக்காதீர்கள். எதிரெதிராக இரண்டு கதவு உள்ளதைக் கொடுங்கள். கால்கிலோ கூடும், கூடட்டும். என் கடையில் இப்போது ஒரே கதவு டென்ட் கிடையாது. இரண்டாவது கதவு எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.

"காத்து நல்லா வரும்" என்கிறேன்.