அலமேலு டீச்சர் சாந்தமானவர் அல்லர்

சாலை என்று நாங்கள் சொல்லும் கடைத்தெருவில் அரிசி வாங்கிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டு, அலமேலு டீச்சர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். கீழே கூப்பிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. 'சாந்த சொரூபி' என்று ஒருவர். 'அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்' என்று இன்னொருவர். அதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "என்ன ஸாரே, பேரப்பிள்ளை பொறந்திருக்கா?"

"இல்ல அண்ணாச்சி. கூட வேலை பார்த்த டீச்சர் செத்துப் போனாங்க."

அவர் சட்டென்று தராசுக்குத் திரும்பினார். அரிசியைக் கட்டிக் கையில் கொடுத்தார். வெளியே வந்து யாருடைய மூட்டையின் மேலோ உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கண் நிறைந்தது.

அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைச் சாந்தமானவர் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து குடையும் டிபன் பாத்திரமுமாக நடந்து வந்து, பள்ளிக்கூட வாசலிலேயே அன்றைய முதல் சண்டையைத் தொடங்குகிறவர் அவர். மலையாளம் பேசும் இந்த ஊரில், எங்கள் உயர்நிலைப் பள்ளியின் தமிழ்வழி வகுப்புகளுக்கு அவர் கணக்கு, நான் சமூக அறிவியல். "சண்டைக்கு மலையாளம், கணக்குக்குத் தமிழ், எங்காத்துக்காரர்கிட்டே ரெண்டும்" என்பார். என்னோடும் நிறையச் சண்டை போட்டிருக்கிறார். பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

நான் சொல்ல நினைப்பது ஒரு வருஷத்தைப் பற்றி. நான் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்கு வகுப்பாசிரியராக இருந்த வருஷம். ஜூன் மழையில் பள்ளி திறந்தபோதே வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு நனைந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டு 'நூறு மேனி' வாங்கிய பெருமையை அது சொன்னது. பரீட்சை எழுதிய அத்தனை பேரும் தேறியிருந்தால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் வகுப்பில் முத்துலெட்சுமி என்றொரு பெண் இருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். அப்பாவுக்குச் சாலையில் மூட்டை தூக்கும் வேலை. பாட்டு, ஓட்டம், வாய் எல்லாம் உண்டு. கணக்கு மட்டும் வராது. பிப்ரவரியில் நடந்த மாதிரிப் பரீட்சையில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் எழுதட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மேலே இருந்து கேள்வி வரும்.

வகுப்பாசிரியர் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போகும் வழியில் அலமேலு டீச்சரிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த சாக்பீஸோடு எனக்கு முன்னால் நடந்தார்.

"டீச்சரே, ஒரு குட்டிக்கு வேண்டி ஸ்கூலின்டெ பேரு போகணோ?" என்றார் தலைமையாசிரியர். ஒரு பிள்ளைக்காகப் பள்ளியின் பெயர் போக வேண்டுமா என்பது அவர் கேள்வி.

"பேரு எங்கே போறது ஸாரே? வாசல்ல சிமென்ட்டுலேன்னா எழுதியிருக்கு? அங்கேதான் இருக்கும்."

முத்துலெட்சுமியின் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு என்ன தெரியும் டீச்சர்? பெரிய ஸார் சொல்லுதாங்க. போட்டுருதேன்" என்று பேனாவைக் கையில் எடுத்தார்.

"அண்ணாச்சி, அதைக் கீழே வையுங்கோ. உங்க பொண்ணுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா."

"அப்போ எதுக்குப் பொய் எழுதணும்? நல்லா இருக்கிற கொழந்தைக்கு நோய் எழுதினா பலிச்சுடும்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். டீச்சர் அதை எடுத்து மூடி, தலைமையாசிரியரின் சட்டைப் பைக்கு நேராக மரியாதையாக நீட்டினார். அந்த அறையில் நான் பார்த்த சண்டைகளில் மிகச் சிறியது அதுதான்.

நூறு மேனி என்பதை என் வகுப்புகளில் நான் இப்படிச் சொல்வேன். சிலர் ஆற்றைக் கடக்க வேண்டும். ஒருத்திக்கு நீச்சல் வராது. அவளைக் கரையிலேயே உட்காரவைத்துவிட்டு, 'இறங்கியவர்கள் எல்லோரும் அக்கரை சேர்ந்தார்கள்' என்று பலகை வைக்கலாம். பலகையில் பொய் இல்லை. ஆனால் அவள் இன்னும் இக்கரையில் இருக்கிறாள்.

மறுநாள் முதல் பள்ளி தொடங்குவதற்கு முன்னால் அவளுக்குத் தனிப் பாடம் நடந்தது. வகுப்பறைகள் பூட்டியிருக்கும் என்பதால், மதியக் கஞ்சி வைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், பயறு வேகும் புகையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"இந்த எக்ஸ் யாரு டீச்சர்? அவன எதுக்கு நாம தேடணும்?"

"ஒளிஞ்சிண்டிருக்கிற குரங்குன்னு வெச்சுக்கோ. வாலைப் பிடிச்சு இழு."

"வாலே இல்லாத குரங்கால்லா இருக்கு!"

"உனக்கு நாக்கு மட்டும் முழு மார்க்குடீ."

மார்ச் மாதம் நெருங்கியபோது அவளே பயந்துவிட்டாள். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கொட்டகையிலிருந்து எழுந்தாள். "நான் எழுதல டீச்சர். தோத்தா எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க."

டீச்சர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. தேறிவிடுவாய் என்றும் சொல்லவில்லை. "தோத்துப் போறதுக்கும் உனக்கு உரிமை உண்டு. அதைக்கூட அவா எடுத்துண்டா உனக்கு என்ன மிச்சம்? உட்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

அவள் பரீட்சை எழுதினாள். தோற்றாள். கணக்கில் மட்டும். பள்ளியில் மற்ற எல்லோரும் தேறியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஆசிரியர் அறைக்குச் செய்தி வந்ததும் ஒருவர், "இப்போ சமாதானமாயோ டீச்சரே?" என்றார்.

"ஆச்சு. ஃபிளாஸ்க்லே காப்பி இருக்கா?" என்றார் டீச்சர். அவருடைய பாடத்திலும் அதுவரை யாரும் தோற்றதில்லை.

பாராட்டு விழா வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்களுக்கு மேடையில் கேடயம், அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதல் வரிசையில் நாற்காலி. டீச்சர் முத்துலெட்சுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடுவழியாக வந்தார். அவள் கடைசி வரிசைக்கு நழுவப் பார்த்தாள். விடவில்லை.

விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் ஓடிவந்தார். "டீச்சரே, இவிடே நாற்காலி கணக்காத்தான் போட்டிருக்கு. கூடுதல் இல்லை."

"கூடுதல் யார் கேட்டா? இது எனக்குப் போட்டதுதானே?" என்று சொல்லித் தமது நாற்காலியில் அவளை உட்காரவைத்தார். பிறகு தூணருகே போய் நின்றுகொண்டார். வந்திருந்த பிரமுகர் பேசி முடிக்கும்வரை, கேடயங்கள் கொடுத்து முடியும்வரை நின்றார். நான் என் நாற்காலியைக் கொடுக்க எழுந்தேன். "நீங்க உட்காருங்கோ ஸாரே. நான் நிக்கறது எல்லார் கண்ணுலேயும் படணும்" என்றார்.

கணக்கு ஆசிரியர் என்று அவரையும் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைத் தமது உயரத்துக்கு இறக்கிக்கொண்டு அவர் பேசியது இவ்வளவுதான்: "இந்த வருஷம் என் பாடத்துலே ஒரு குட்டி தோத்திருக்கு. யாருன்னு யாரும் கேட்க வேண்டாம். தோத்தது யார்னு போர்டு வைக்கணும்னா என் பேரை எழுதுங்கோ. நன்னா பெருசா எழுதுங்கோ." பின்வரிசையில் யாரோ ஒரு தாய் கை தட்டினாள். முன்வரிசையில் நான் தட்டினேன். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள்.

இந்த இடத்தில் முத்துலெட்சுமி பிறகு கலெக்டர் ஆனாள் என்று நான் எழுத வேண்டுமென்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இல்லை. உடனே நடந்த மறுபரீட்சையிலும் தோற்றாள். அடுத்த வருஷம் தேறினாள். இப்போது சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவள் மகள் மூன்றாம் வகுப்பு. அலமேலு டீச்சர் செய்தது சரி என்று சொல்ல இவற்றில் எதுவும் எனக்குத் தேவையில்லை. அவள் மூன்றாவது முறையும் தோற்றிருந்தாலும் அது சரிதான்.

இரங்கல் கூட்டம், பாராட்டு விழா நடந்த அதே மண்டபத்தில் நடக்கப்போகிறது. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு டீச்சர் பெயரில் பரிசு வைக்கலாம் என்று குழுவில் யோசனை வந்திருக்கிறது. நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவும் மாட்டேன். முதல் ஆளைப் பாராட்ட ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர் பெயரை அந்த ஆயிரத்தில் சேர்க்காதீர்கள். பரிசுதான் வேண்டுமென்றால், தோற்றுப் போய் மறுபடியும் வந்து உட்காரும் பிள்ளைக்குக் கொடுங்கள்.

செய்தி வந்த அன்று, அரிசிப் பையோடு நேராக அந்த ஜவுளிக்கடைக்குத்தான் போனேன். முத்துலெட்சுமி அழுதாள். பிறகு, "கூட்டத்துக்கு நான் வரலாமா ஸார்? பெரியவங்கல்லாம் இருப்பாங்களே" என்று கேட்டாள்.

வரச் சொல்லியிருக்கிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். இருவரும் முதல் வரிசையில் உட்காருவார்கள். நாற்காலி போதாது என்று யாரும் ஓடிவர வேண்டாம். டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. எனக்கு முழங்கால் வலிதான்; ஆனாலும் கூட்டம் முடியும்வரை தூணருகே நான் நிற்பேன்.