சிவக்காத பாய்மரம்

நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள் நான். அப்பா, அண்ணன், மாமன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். ஆனால் எங்கள் வீட்டில் பெண்பிள்ளை கட்டுமரத்தில் கால் வைக்கக்கூடாது. காயப்போட்ட வலையைத் தாண்டினாலே அப்பா கத்துவார். மீன் விற்கலாம், கருவாடு போடலாம், கரையில் நின்று மாரடித்து அழலாம். கடலுக்கு மட்டும் போகக்கூடாது. இது என்ன நியாயமோ, நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் துறைமுகத்துப் பட்டறையில் கொல்லு வேலை பார்த்தவர். "நான் இட்டுகினு போறேன்மே, முகத்துவாரம் தாண்டி, கடலுக்குள்ள" என்றார். ஆம்பளைகள் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சு கெட்டுப்போய் இருமல் ஓயாமல் ஆயிற்று. உலைப்பக்கமே போகாதே என்றார் டாக்டர். அதற்கப்புறம்தான் ஏலத்தில் ஒரு சின்னப் பாய்ப்படகைப் பிடித்து வந்தார். துரைமார் விளையாட்டுக்கு ஓட்டியது, இரண்டு பேர் உட்காரலாம். என்னை ஏற்றுமுன் எண்ணூர் உப்பங்கழியில் தனியாக ஓட்டிப் பழகினார். ஒருநாள் பாய்மரத்தை இறக்காமலே ரயில் பாலத்துக்கு அடியில் விட்டுவிட்டார். மரம் என்பது பேருக்குத்தான், அது அலுமினியக் குழாய். பாலத்தில் இடித்து நடுவில் வளைந்துபோயிற்று.

கைவண்டியில் வீட்டுக்கு வந்தது. "இரும்பையே நூல் புடிச்ச மாரி நிமித்தினவன் நானு. இதெல்லாம் எனக்கு பிஸ்கோத்து" என்று பின்பக்கத்தில் கரி மூட்டினார்.

இரும்பென்றால் சிவந்தபின் தட்ட வேண்டும். அதுதான் அவர் கண்ணுக்குப் பழகிய கணக்கு. இது சிவக்கவே இல்லை. "இன்னாமே, இன்னும் செவக்காம கீது?" என்றார். இருமலில் அவரால் துருத்தியை அமுக்க முடியவில்லை, நான் வாங்கி ஊதினேன். அலுமினியம் சிவக்காது, அதற்கு முன்பே பதம் போய் வலுவிழந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. கடைசியில் ஈரச்சாக்கைச் சுற்றிக் கையால் அழுத்தினார். வாழைத்தண்டு மாதிரி இணங்கி வந்தது.

"சொன்னா கேக்குது பாரு. உன்ன மாரி இல்ல."

கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு போனோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். கழியில் படகு சமர்த்தாகப் போயிற்று. காலுக்கடியில் தண்ணீர் ஓடுவது பலகை வழியே தெரிந்தது. பைத்தியம் மாதிரிச் சிரித்தேன். முகத்துவாரத்தை நெருங்கியதும் கடல்காற்று பாயில் வந்து விழுந்தது. பாய்மரம் முறியவில்லை. சூடு வைத்த அதே இடத்தில், சத்தமில்லாமல், மெல்லக் குனிந்தது. பாய் எங்கள் தலைமேல் சரிந்தது. எதிரே அலை உடைவது எனக்குத் தெரிந்தது, அவ்வளவு கிட்டே.

இறால் பிடிக்க வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். "யோவ், இதான் உன் கொல்லு வேலையா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை.

"வேற பைப்பு போட்டுக்கலாம்மே. அடுத்த காத்துக்குப் போலாம்" என்றார்.

அந்தக் குழாயை அவரே துணி உலர்த்தும் கொடியாகப் பின்பக்கத்தில் குறுக்கே கட்டிக்கொடுத்தார். அடுத்த காற்றுக்காலம் வருமுன் அந்த இருமலிலேயே போய்விட்டார்.

ஊரே வந்து அழுதது, எனக்குத்தான் அழுகை வரவில்லை. எல்லாரும் கிளம்பிய பிறகு அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்து, இரண்டு கைகளையும் அந்தக் குழாயில் கோத்துக் காயப்போட்டேன். சாயங்காலம் கடல்காற்று அடித்தது. சட்டை உப்பிக்கொண்டது. குழாய் அசையாமல் தாங்கியது.

"இப்ப மட்டும் தாங்குறியா?" என்று கையில் கிடைத்த விறகால் அதை அடித்தேன். அடிக்க அடிக்கத்தான் அழுகை வந்தது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

நான் இன்றுவரை கடலுக்குள் போனதில்லை.