கோச்சுக்குப் போர்த்திய பொன்னாடை

கோச்சை வேலையிலிருந்து கலைக்கச் சொல்லி அனுப்பின ஆள், கோச்சுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு வந்தவர். யோசெப் அண்ணையிடம் ஸ்ரீதரனுக்கு இருந்த கோபம் இவ்வளவுதான். ஆனால் நாலு வருசமாக அது பிறீசரில் போட்ட மீன்போலக் கிடந்தது. எப்போது எடுத்துப் பார்த்தாலும் கெட்டுப்போகவில்லை.

ரீமின் பெயர் எரோன், பிரெஞ்சில் நாரை. மொன்ட்ரியாலின் கூடைப்பந்து ரீம், சம்பளத்துக்கு விளையாடுகிற பெடியள். சட்டையில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நிற்கும். தமிழ் ஆக்கள் அதைக் கொக்கு என்றுதான் சொல்வார்கள். நாரையா கொக்கா என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு அந்த ரீம் ஒருநாளும் விளையாடினதில்லை. தோற்கும். வெல்லவேண்டிய மட்சையும் கடைசி நிமிசத்தில் எதிராளிக்குத் தூக்கிக் குடுக்கும். அப்படியிருந்தும் மண்டபத்தின் வடக்கு மூலையில் முப்பது நாற்பது தமிழர் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்த மூலைக்கு ஒரு சங்கமும் இருந்தது. சங்கத்துக்குத் தலைவர் ஸ்ரீதரன்.

சனிக்கிழமை மட்ச் என்றால் ஞாயிறு பின்னேரம் நோத்ர-டாம்-த-கிரேஸில் ரதீசனின் சாப்பாட்டுக் கடைக்கு வருவார்கள். முன்னுக்குக் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம். பின்னுக்கு ஒரு மேசை, மேசையில் முந்நூற்றிநாலு ஆட்டம். கையில் சீட்டு, வாயில் கொக்கு.

"சென்டருக்கு ஒராள் வேணும்," என்பான் ரதீசன், கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு. "ஏழடி. இப்ப நிக்கிறவன் வளையத்தைப் பாத்துக் கும்பிடுறான், தொடுறான் இல்லை."

"ஹைட் பிரச்சனையே இல்லண்ணா," என்பான் சேகர். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். கொத்துரொட்டிக்கு என்று வந்து கொக்கில் மாட்டுப்பட்டவன். "தூரத்துலேர்ந்து போடுற பந்துல முக்காவாசி வெளியதான் போகுது. கிராஃப் போட்டு வச்சிருக்கேன், பாருங்க."

"கிராஃபை ஏன்ரா போடுறாய்? பந்தைப் போடச் சொல்லு."

"எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்து," என்று ஸ்ரீதரன் மேசையில் குத்துவான். "கோச்சைத் தூக்கு."

எதிரே இருக்கிற யோசெப் அண்ணை சீட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். "தூக்கிப்போட்டு?"

"வேற ஆளைப் போடுறது."

"வாற ஆளும் இந்தப் பெடியளை வைச்சுத்தானே விளையாட வேணும்?"

"அண்ணை, நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"நான் உனக்கு எதிர்ப்பக்கம். சீட்டைப் போடு. துரும்பை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்."

யோசெப் அண்ணை குருநகர்க்காரர். எண்பத்தொன்பதில் வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் நின்று, கடைசியாக மொன்ட்ரியால்-நோரில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டுகிற வேலைக்குப் போனவர். பென்சன் எடுக்கும்வரைக்கும் அங்கேதான். இந்த விளையாட்டுப் பைத்தியம் அங்கே பிடித்தது. பெடியள் எறிகிற பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் செருகிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தும்புத்தடியோடு போய்க் குத்தி விழுத்துவார். விழுத்திவிட்டு உடனே திரும்ப மாட்டார். தடியை ஊன்றிக்கொண்டு நின்று பார்ப்பார். அந்தப் பெடியளோடு கதைத்துக் கதைத்தே பிரெஞ்சும் ஆளுக்கு வந்தது. நல்ல பிரெஞ்சு, தூசணமும் சேர்த்து.

தங்கமான மனிசன் என்று எழுதிவிட்டுப் போக ஏலாது. சீட்டில் கள்ளம் விடுவார். கையும் களவுமாகப் பிடித்தால் மூஞ்சையைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் கிழமை முழுக்கக் கதைக்க மாட்டார். "இந்த மனிசன் வீட்டிலை கதைக்கிறது ரீவியோடை மட்டும்தான்," என்று மனிசி சிசிலி அக்கா கடைக்கு வந்தால் சொல்லிவிட்டுப் போவார். மட்சிலும் அப்படித்தான். கத்த மாட்டார், வாளி தட்ட மாட்டார். தொடங்க முதலே வந்து இருந்து, பெடியள் உடம்பைச் சூடாக்க ஓடுகிறதைப் பார்ப்பார். "அந்த நாலாம் நம்பருக்கு இண்டைக்கு ஏதோ மனக்கவலை," என்பார். மட்ச் முடிந்தபிறகு எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்ப்பார்.

நாலு வருசத்துக்கு முன்னர் கொக்கு கடைசி இடத்தில் நின்றபோது நிர்வாகம் ரசிகர்களைக் கூட்டத்துக்கு அழைத்தது. மூலைக்கு ஒருவர் பேசலாம். ரதீசனின் மேசையில் தீர்மானம் நிறைவேறியது. கோச்சை மாற்று. பேசுகிறது யோசெப் அண்ணை. ஸ்ரீதரனுக்குத் தானே பேச ஆசைதான். ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பிரெஞ்சில் போன்ஜூரும் மெர்சியும் தெரியும், பெட்டிகளின் பெயரும் தெரியும். பெட்டிகளின் பெயரைச் சொல்லிக் கோச்சைக் கலைக்க ஏலாது.

அதோடு விட்டிருக்கலாம். தலைவர் விடவில்லை.

"வெறுங்கையோடை போறதோ? தமிழர் எண்டு தெரிய வேண்டாமோ? எந்தக் கூட்டமெண்டாலும் முதல்லை பொன்னாடை. பேந்துதான் பேச்சு."

"கலைக்கப் போற ஆளுக்கோ?" என்றான் ரதீசன்.

"மரியாதை வேற, தீர்மானம் வேற."

ஸ்ரீதரனே ஜோன்-தலோன் தெருவில் புடைவைக் கடைக்குப் போய், சிவப்பில் பச்சைக் கரை, அகலச் சரிகை வைத்ததாகப் பார்த்து எடுத்து வந்தான்.

யோசெப் அண்ணை சொன்னதைச் சொன்னபடியேதான் தொடங்கினார். முதலில் பொன்னாடை. கோச் வில்னேர் ஹெயிட்டிக்காரர், ஆறரை அடி உயரம். விசயம் விளங்காவிட்டாலும் குனிந்து குடுத்தார். அண்ணை போர்த்தி, கரையை இழுத்து இரண்டு தோளிலும் சமமாக விட்டார். மண்டபம் கைதட்டியது. பிறகு மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் கோச் சரிகையை விரலால் தடவிப் பார்த்தபடி நின்றார். அண்ணை ஒருதரம் செருமினார். "வடக்கு மூலையிலை நாங்கள் இருக்கிறம். தோத்தாலும் வருவம்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்த நாள் பேப்பரில் பொன்னாடையோடு கோச்சின் படம். ரசிகர்கள் கோச்சின் பக்கம் என்று தலைப்பு. அந்தக் கிழமையே ஒப்பந்தத்தை நீட்டினார்கள்.

ஸ்ரீதரன் கடைக்குள் நின்று துள்ளினான். "என்ன சொல்லி அனுப்பினனான் உங்களை?"

"முதல்லை பொன்னாடை எண்டனீ."

"பேந்து பேச்செண்டும் சொன்னனான்!"

"போத்தின கையடா. அதே கையாலை கழுத்தைப் பிடிச்சு எப்பிடித் தள்ளுறது?"

"அப்ப தீர்மானம்?"

"அதை நீயே வைச்சிரு," என்று அண்ணை சீட்டைக் கலைத்தார்.

அன்றையிலிருந்து ஸ்ரீதரன் அவரோடு சீட்டுக் கதையைத் தவிர வேறு கதை வைத்துக்கொள்ளவில்லை. கோச் வேறு அந்தப் பொன்னாடையை விடவில்லை. உள்ளூரில் மட்ச் என்றால் தன் கதிரையின் முதுகில் விரித்துப் போட்டிருப்பார். ரீவியில் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெரியும். "அது உங்கட ஆக்கள் குடுத்ததாமே, வடிவாயிருக்கு," என்று கிடங்கில் வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். ஸ்ரீதரனுக்கு வயிறு எரியும். வாங்கினது அவன்.

இந்த வருசம் கொக்கு மறுபடியும் கடைசி. நிர்வாகம் மறுபடியும் கூட்டம் வைத்தது. சிசிலி அக்காவுக்கு முழங்கால் ஏலாமல் போயிருந்தது. மொன்ட்ரியால்-நோரில் அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி, வெளியால் இரும்புப் படி. பனியில் அதிலே ஏறி இறங்க அந்த மனிசியால் முடியாது. மகள் ஷெரோன் அடுத்த மாகாணத்தில், ஸ்கார்பரோவில் வீடு வாங்கி, கீழே அப்பா அம்மாவுக்கு அறையும் ஒழுங்குபண்ணிவிட்டாள். யூலை முதலாம் திகதி பயணம். ஊரை விட்டுப் போகிற அண்ணை பேசுவாரோ என்று யாரும் கேட்கவில்லை. ஸ்ரீதரன் கேட்க விடவுமில்லை.

"இந்த முறை நான். பொன்னாடையும் இல்லை, பூமாலையும் இல்லை. ஒரே ஒரு வசனம்."

மகள் வித்தியா வசனத்தைச் சொல்லிக் குடுத்தாள். இல் ஃபோ ஷான்ஷே லெ கோச். கோச்சை மாற்ற வேண்டும். கிடங்கில் பெட்டி ஏற்றும்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"அப்பா, முன்னாலை ஏதாவது பொலைட்டாச் சேருங்கோ."

"பொலைட்டாச் சொல்லித்தான் நாலு வருசம் தோத்தது, பிள்ளை."

கூட்டத்தில் கோச் மேடையில்தான் இருந்தார். வடக்கு மூலையின் முறை வந்து ஸ்ரீதரன் எழும்பியதும் பொன்னாடை தந்த ஆக்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்து, இரண்டு கையாலும் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். பொன்னாடை கிடந்த இடம். ஸ்ரீதரன் மைக்கைப் பிடித்தான். கோச்சின் தலைக்கு மேலே வெளியேறும் வாசலின் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வசனத்தைச் சொன்னான். ஒரு பிழையும் வரவில்லை. பின்வரிசையில் தொடங்கிக் கைதட்டினார்கள். கோச் தலையை ஆட்டி, "மெர்சி, முசியூ," என்று நன்றி சொன்னார்.

வெளியே வரும்போது யோசெப் அண்ணை கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். "பிரெஞ்சு நல்லாத்தான் இருந்தது," என்றார்.

பொன்னாடை போர்த்தியவர்களே கைவிட்டார்கள் என்று பேப்பர் எழுதியது. கொஞ்ச நாளில் கோச்சை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். ரதீசன் கடையில் எல்லோருக்கும் ரோல்ஸ் வைத்தான். "தலைவர் ஒரே வசனத்திலை கவுத்துப்போட்டார்!" ஸ்ரீதரன் ரோல்ஸைக் கடித்தபடி சிரித்தான். நாலு வருசம் கேட்டது கிடைத்திருந்தது. உதவிக் கோச் வந்தார். கொக்கு அதேமாதிரித் தோற்றது. கதிரையின் முதுகு வெறுமையாக இருந்தது. ரீவியில் அந்த இடத்துக்குத்தான் ஸ்ரீதரனின் கண் போனது.

"அண்ணா, புதுக் கோச்சுக்கும் இதே கிராஃப்தான் வருது," என்றான் சேகர்.

"மூடி வை," என்றான் ஸ்ரீதரன்.

யூலை முதலாம் திகதி மொன்ட்ரியாலில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள். தெருவெல்லாம் மெத்தையும் லொறியும். ஸ்ரீதரனை யாரும் உதவிக்குக் கூப்பிடவில்லை. காலையிலேயே கையுறையோடு போய் நின்றான். யோசெப் அண்ணை அவனைப் பார்த்தார், பிறகு இறக்கவேண்டிய பிறிட்ஜின் ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"இடப்பக்கம் சரிக்காதை. இடப்பக்கம்!"

"அண்ணை, நான் வருசக்கணக்கா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறனான்."

"ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முதுகு நோகாது. உனக்கு நோகும்."

சிசிலி அக்காவை ஷெரோன் தன் காரில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். லொறியில் எல்லாம் ஏற்றி முடிந்ததும் அண்ணை கடைசிப் படியில் இருந்து ஒரு பையை எடுத்துக் குடுத்தார். லோன்றியில் குடுத்துத் தோய்த்து மடித்த துணி. சிவப்பு, பச்சைக் கரை.

"இது எப்பிடி உங்களிட்டை?"

"கடைசி மட்ச் அண்டைக்கு வாசல் காவலாளி தந்தவன். கோச் போகேக்கை குடுத்துவிட்டதாம். அடுத்த கோச்சுக்கு வேணுமே, தான் கொண்டுபோறது சரியில்லை எண்டு சொன்னதாம். இது ரீமின்ரை சாமான் எண்டு நினைச்சிட்டுது பாவம்."

ஸ்ரீதரன் சிரிக்கப் பார்த்தான். "அப்ப புதுக் கோச்சுக்கே போத்துவம்."

அண்ணை சிரிக்கவில்லை. "ஒராளுக்குப் போத்தினது பேந்து திரும்பி வாறதோ?"

ஸ்ரீதரன் பையை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றினான். "அண்ணை, நான் சொன்னது பிழையோ?"

"ஆர் பிழையெண்டது? அந்தாளுக்கு எப்ப மட்சை நிப்பாட்டி ஆளை மாத்திறதெண்டு தெரியாது. எனக்கு முதல் வருசமே தெரியும்."

"அப்ப ஏன் அண்டைக்கு..."

"என்னாலை சொல்ல முடியேல்லை. நீ சொன்னாய். சரி. சொல்லேக்கை நீ எங்கை பாத்தனீ?"

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அண்ணை முன்கதவால் ஏறி இருந்து, கண்ணாடியை இறக்கினார்.

"வில்னேர் இருக்கிறது இங்கை பக்கத்திலைதான். தேவாலயத்துக்குப் பின்தெரு, நீலக் கதவு. இப்ப வேலையில்லை, வீட்டிலைதான் நிப்பார். கொண்டுபோ."

"நானோ? என்னைக் கண்டா கதவைச் சாத்திப்போடுவார்."

"சாத்தினா பெல்லை அடி."

"எனக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியாது அண்ணை. அந்த ஒரு வசனம்தான் தெரியும்."

"ஒண்டும் கதைக்காதை."

லொறி நகரத் தொடங்கியது. அண்ணை தலையை வெளியே நீட்டினார்.

"ஸ்ரீ! கையிலை குடுத்துப்போட்டு வராதை. போத்திவிடு."

"ஆறரை அடியண்ணை! எனக்கு எட்டாது!"

"அந்தாள் குனியும். போத்திவிடு."