கினுயோ முதலில் திரும்பும் முட்டுச்சந்து

புது ஊருக்கு எங்கே போனாலும் கினுயோ முதலில் முட்டுச்சந்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் வருவாள். கோயிலுக்கு வழி இந்தப் பக்கம் என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தாலும் அவள் கால் அந்தப் பக்கம்தான் திரும்பும். சந்தின் கடைசியில் ஒரு சுவர் இருக்கும், அல்லது யாரோ காயக் கட்டிய முள்ளங்கி தொங்கும். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பி வருவாள். அதுவரை அவள் கணவர் தகேஜி முனையில் நின்றுகொண்டிருப்பார்.

"பெட்டி கிடைச்சுதா?"

"இல்லீங்க. சைக்கிள் டயர் ஒண்ணு கிடக்கு."

"முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன். போற தடத்துல ஒரு பெட்டியும் நான் பாத்ததில்ல."

"தடத்துலயே போனா எப்படிக் கிடைக்கும்?"

இந்தப் பழக்கம் அவளுக்கு 'பனிவாள்' என்ற வீடியோ விளையாட்டிலிருந்து வந்தது. அதன் இரண்டாம் பாகத்தை மகள் மினோரிக்காக வாங்கினார்கள். மினோரி நாலு மாதம் ஆடிவிட்டு, பள்ளியில் கைப்பந்து ஆடப் போய்விட்டாள். கேம் பெட்டி, கேசட் செருகியபடியே டிவிக்குக் கீழே பாயில் கிடந்தது. ஒரு சாயங்காலம் சோறு வேகட்டும் என்று காத்திருந்த கினுயோ சும்மா பொத்தானை அழுத்தினாள். அன்று சோறு குழைந்துபோனது.

பதினைந்து வயதில் படிப்பை விட்டவள் அவள். ஹிமி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் காமபோக்கோ பட்டறையில் சேர்ந்தாள். அங்கே மீனை அரைத்து, சாயம் கலந்து, கல்யாணத்துக்குக் கொடுக்கும் பெரிய சங்கரா மீன் வடிவத்தில் பிழிந்து அவிப்பார்கள். செதில் பிழிவது கினுயோவின் வேலை. யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். பக்கத்து வீட்டில் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால்கூட வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

பனிவாளில் அதே கினுயோ யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்தாள். ஊர்த்தலைவரின் அலமாரியைத் திறந்தாள், சமையலறைப் பானைகளை உடைத்தாள். உடைத்து முடித்ததும் அவர், "வாங்க பயணியே, இன்னைக்கு நல்ல வெயில்" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வழி இரண்டாகப் பிரிந்தால், இதுதான் சரியான வழி என்று தோன்றுவதை விட்டுவிட்டு மற்றதில் போக வேண்டும். பெட்டி அங்கேதான் இருக்கும். உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது, காய்ந்த மூலிகையோ ஓட்டைத் தொப்பியோ இருக்கும். ஆனால் மூடி திறக்கும்போது குட்டியாக ஒரு இசை வரும். பட்டறையில் எத்தனை ஆயிரம் செதில் பிழிந்தாலும் யாரும் அவளுக்கு இசை வாசித்ததில்லை.

நாயகனுக்குக் கணவர் பெயரையே வைத்திருந்தாள். அதனால் வீட்டில் அடிக்கடி, "ஐயோ, தகேஜி செத்துட்டாரு!" என்று சத்தம் கேட்கும். அது முதல் தடவை காதில் விழுந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வெறுங்காலோடு பனியில் ஓடி வந்துவிட்டாள். தகேஜி கணப்பு மேசைக்கு அடியில் கால் நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் செத்துட்டேங்க. உக்காருங்க, பழம் சாப்பிடுங்க."

வருஷங்கள் போயின. பனிவாளில் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. கினுயோ இரண்டாம் பாகத்தை விட்டு நகரவில்லை. ஏரியில் உள்ள மீன் வகை அத்தனையும் பிடித்தாள், ஆட்டுக்காரருக்கு ஆடு தேடிக் கொடுத்தாள். கோட்டையில் இளவரசியை அடைத்துவைத்திருக்கும் அரக்க ராஜாவிடம் மட்டும் போகவில்லை.

"அந்த இளவரசிக்கு நரைச்சே போயிருக்கும். போய்க் கூட்டிட்டு வந்தா என்ன?" என்பார் தகேஜி.

"போனா முடிஞ்சிருமே."

மினோரிக்கு இருபத்தாறு வயதானபோது, கல்யாணம் செய்துகொள்ள ஒருவனைப் பார்த்திருப்பதாகச் சொன்னாள். பெயர் சோஹெய், சாலைகளுக்கு வெள்ளைக்கோடு போடும் கம்பெனியில் வேலை.

"கோடு போடறவனா?" என்றாள் கினுயோ. வீட்டில் ஏற்கெனவே தடம் மாறாமல் வண்டி ஓட்டும் ஒருவர் இருந்தார். அவர் நல்லவர்தான். ஆனால் எந்தச் சந்திலும் அவள் தனியாகத்தான் திரும்ப வேண்டியிருந்தது. மகளும் அப்படி ஒருவனோடு போய், வாழ்நாள் முழுக்கச் சந்து முனையில் அவன் நிற்க, தனியாகவே திரும்ப வேண்டுமா?

தகேஜி கையை விரித்துவிட்டார். "உங்கம்மா சரின்னா சரி. இல்லன்னா நானும் இல்ல."

ஜனவரியில், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சோஹெய் பெண் கேட்க வந்தான். அவன் வந்தபோது கினுயோ ஆடிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு டிவியை மட்டும் அணைத்தாள்; கண்ட்ரோலரைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். கேம் பெட்டி பாயில் ஓடிக்கொண்டே இருந்தது. சோஹெயை டிவிக்கு முன்னால், அதற்கு முதுகு காட்டியபடி, தரையில் போட்ட நல்ல மெத்தையில் உட்காரவைத்தார்கள். கறுப்பு கோட்டு, புது டை, மடியில் பலகாரப் பெட்டி.

பெரியவர்களிடம் இப்படி ஒன்றைக் கேட்கும்போது மெத்தையில் இருந்தபடி வணங்கக் கூடாது. சோஹெய் முறை தெரிந்தவன். முட்டி போட்டபடியே பின்னால் நகர்ந்து மெத்தையை விட்டு இறங்கினான். இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி பாயில் படக் குனிந்தான்.

"மினோரியை எனக்குக் கல்யாணம் பண்ணிக் குடுங்க!"

பின்னால் நகர்ந்த குதிகால் கேம் பெட்டியில் இடித்தது. கேசட் ஒரு பக்கம் எம்பி நின்றது. கினுயோவின் பயணம் முழுக்க அந்தக் கேசட்டில்தான் பதிவாகியிருந்தது; ஓடும்போது அசைந்தால் அழிந்துவிடும்.

மினோரி எழுந்து போய் டிவியைப் போட்டாள். கேம் பெட்டியை அணைத்து, கேசட்டைச் சரியாகச் செருகித் திரும்பவும் இயக்கினாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'சேவ் செய்த பயணம் எதுவும் இல்லை.'

"அம்மா..." மினோரியின் கண் நிறைந்துவிட்டது.

சோஹெய் முகம் வெளுத்துப்போனது. "எவ்ளோ தூரம் போயிருந்தீங்க?"

"மீனெல்லாம் பிடிச்சிருந்தேன்" என்றாள் கினுயோ.

"எல்லா மீனுமா? பொன் விலாங்குமா?"

"அது ரெண்டு."

அவன் மறுபடி பாயில் விழுந்தான். "எங்கம்மா ஒரு தடவை என் கேம் பெட்டிய வாக்குவம் கிளீனரால இடிச்சுட்டாங்க. நான் ஒரு வாரம் அவங்களோட பேசல. நீங்க என்னை வெளிய போகச் சொன்னாக்கூட நியாயம்தான்."

கினுயோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது எப்போதும் செய்வதையே செய்தாள். கையில் இருந்ததை நீட்டினாள். கையில் இருந்தது கண்ட்ரோலர்.

"நீங்களே ஆரம்பிங்க."

சோஹெய் நாயகனின் பெயரைக் கேட்டான். "தகேஜி" என்றார்கள் மூவரும் ஒன்றாக. ஆட்டம் தொடங்கியது. முதல் கிராமத்தில் ஊர்த்தலைவர் கத்தினார்: ஆபத்து, உடனே வடக்கு வாசலுக்குப் போ! வடக்கு வாசல் எதிரிலேயே, நேர்க்கோடாகத் தெரிந்தது. சோஹெய் இடது பக்கம் திரும்பி, வீடுகளுக்குப் பின்னால் இருந்த முட்டுச்சந்துக்குள் போனான்.

கினுயோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வழி அங்க இல்லியே."

"தெரியும். பாக்காம போனா மனசு கேக்காது."

சந்தின் கடைசியில் ஒரு கிணறு மட்டும் இருந்தது. அங்கே ஒன்றும் கிடையாது என்று கினுயோவுக்குத் தெரியும், அவள் நூறு தடவை பார்த்த இடம். அந்த நேரம் பார்த்துத் தகேஜி உரித்த ஆரஞ்சை நீட்டினார். பெரியவர் கொடுப்பதை ஒரு கையால் வாங்கலாமா? சோஹெய் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். தகேஜி பார்க்கிறாரே என்று சுளை சுளையாக மெதுவாகத் தின்றான். திரையில் நாயகன் கிணற்றடியில் சும்மா நின்றான். பிறகு கொட்டாவி விட்டு உட்கார்ந்தான். கிணற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்புப் பூனை வந்து அவன் பக்கத்தில் சுருண்டு படுத்தது. பெட்டி திறக்கும்போது வரும் அதே இசை, மிகவும் மெதுவாக ஒலித்தது.

"பூனை!" கினுயோ கத்திவிட்டாள். "இங்க பூனை இருக்கா? இத்தன வருஷமா எனக்குத் தெரியலியே! ஏங்க, பாருங்களேன், பூனை!"

"நீ எங்க ஒரு இடத்துல நின்ன?" என்றார் தகேஜி. "பஸ் ஸ்டாப்புல நிக்கறவனுக்குத்தான் தெரியும்."

கினுயோ சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சந்து முனையில் நின்ற அத்தனை வருஷமும் அவரும் எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

"மினோரி, மசமசன்னு நிக்காத. மாப்பிள்ளைக்கு டீ கொண்டா."

மினோரி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும், சோஹெய் மூன்றாவது தடவை குனியத் தயாரானான்.

"போதும், குனியாதீங்க!" என்றார்கள் மூவரும். தகேஜி பாய்ந்து கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ஏப்ரலில் கல்யாணம். விருந்தினருக்குக் கொடுத்த சங்கரா மீன் எல்லாவற்றுக்கும் கினுயோவே செதில் பிழிந்தாள். ஒவ்வொன்றிலும் வால் பக்கம் ஒரு செதிலுக்குக் காது வைத்து, மீசையும் வைத்தாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மீன் மேல பூனையா?" என்றார்.

"தேடறவங்களுக்கு மட்டும்" என்றாள் கினுயோ. பட்டறையில் அவள் அடித்த முதல் ஜோக் அதுதான் என்று இன்றும் சொல்வார்கள்.

இப்போது கினுயோவும் தகேஜியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். மினோரியும் சோஹெயும் பக்கத்து ஊரான தகாவோக்காவில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். கேம் பெட்டி அலமாரியின் மேல் இருக்கிறது. ஏரியில் பாதி மீன்தான் பிடித்திருக்கிறார்கள். அரக்க ராஜா கோட்டையில் நலமாக இருக்கிறார்.