ஊருணியில் நட வேண்டிய கல்

வத்திராயிருப்புப் பக்கம் நிலங்களுக்கு எல்லைக்கல் நடுவதுதான் சங்கரமூர்த்தியின் பிழைப்பு. குழி தோண்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "நடட்டுமா?" என்று மண்ணிடம் கேட்பார். இதுவரை பதில் வந்ததில்லை, வரவும் கூடாது.

ஊருணியை மூடிச் சமுதாயக்கூடம் கட்ட வேண்டாம் என்று கிராமசபையில் ஊரே கத்தியது. யார் கேட்டது? மூடினார்கள். கல் நட அவரைக் கூப்பிட்டார்கள்.

உச்சிவெயிலில் வழக்கம்போல் கேட்டார். காலடி மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "செத்த நேரம் பொறுங்க. பிள்ளைக குளிச்சிட்டு ஏறட்டும்."

கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வந்த ஊராட்சித் தலைவர், "ஏன்யா இன்னும் நடல?" என்று எரிந்து விழுந்தார்.

சங்கரமூர்த்தியைச் சுற்றிப் புழுதியெல்லாம் சின்னச் சின்ன ஈரக் காலடிகள்.

"எல்லாம் ஏறிருச்சு தலைவரே. ஒரு பிள்ளைதான் இன்னும் ஏறல."