செவ்வாய், வெள்ளியில் மட்டும் சொட்டிய ஹீட்டர்

எங்கள் வாட்டர் ஹீட்டர் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான் சொட்டும். மற்ற நாட்களில் தேமேவென்று சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். சில வாரங்களில் சனிக்கிழமையும் சேர்ந்துகொள்ளும். இதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஹீட்டருக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியுமாக்கும்" என்று சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு டார்ச் லைட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் அடி வாங்கியவள் நான்.

அப்போது அரியலூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். அவர் ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஷிஃப்ட் முடிந்து வரும்போது சிமெண்ட் தூசி படிந்து, தலையெல்லாம் நரைத்த கிழவர் போல அவர் வருவார். அந்தத் தூசி பச்சைத் தண்ணீருக்குப் போகாது. போதாக்குறைக்கு அந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. பூமிக்கடியில் அத்தனையும் சுண்ணாம்புக்கல். ஓடைப் பக்கம் போனால் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப்போய் நானே காட்டியிருக்கிறேன். அந்தக் கடலின் மிச்சம்தான் எங்கள் குடத்தடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. மாற்றலாகிப் போன ஒருவர் தன்னுடைய பழைய ஹீட்டரைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். நகை போட்டதுபோல எனக்கு அப்படி ஒரு பூரிப்பு.

பூரிப்பெல்லாம் அது சொட்ட ஆரம்பிக்கும் வரைதான். வேறு வீடாக இருந்தால் சொட்டினால் சொட்டட்டும் என்று விட்டிருப்போம். அந்த வீட்டில் அப்படி விட முடியாது.

அரியலூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் யாரும் முகத்துக்கு நேராக ஜாதியைக் கேட்க மாட்டார்கள். ரொம்ப நாகரிகமானவர்கள். "எந்த ஊரு?" என்பார்கள். செட்டிகுளம் பக்கம் என்போம். "அட, மலை மேல முருகன் இருக்காரே, அந்த ஊரா! அங்க எந்தத் தெரு?" அதற்கு மழுப்பினால், "குலதெய்வம் எதுங்க?" என்று வரும். அந்தப் பதிலையும் வாங்கிக்கொண்டு, "பையன் சிங்கப்பூர்லேர்ந்து வரேன்னுட்டான், வூடு எங்களுக்கே வேணும்போல இருக்குங்க" என்று முடிப்பார்கள். நாங்கள் காலனிக்காரர்கள். ஊரைவிட்டுத் தள்ளி, வெங்காயக் காடுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. எந்தத் தெரு என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் கிடையாது. இரண்டு பேருக்கும் வேலை இருந்தது, கையில் முன்பணம் இருந்தது, வீடு மட்டும் கிடைக்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு வெயிலில் அலைந்த அந்த நாட்களில் எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

இந்த வீட்டுக்கார அம்மா மட்டும் கேட்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் துபாயில். கீழ் வீட்டில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்தார், தூங்கி வழிந்த என் மகளைப் பார்த்தார். "மோட்டாரைப் போட்டா மறக்காம நிறுத்துவீங்களா?" என்றார். கேள்வி அவ்வளவுதான். சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஏன் கேட்கவில்லை? சோறு வடிக்கும்போது, நோட்டுத் திருத்தும்போது எனக்கு அதே யோசனை. ஒருவேளை தெரிந்திருக்குமோ, தெரிந்தால் என்ன செய்வாரோ என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். "கேக்கலைன்னா கும்புடு போட்டுட்டுக் கெட. அதையும் கழட்டிப் பாக்கணுமா உனக்கு?" என்பார் என் வீட்டுக்காரர். அந்த வீட்டில் நாங்கள் பூனை மாதிரி நடந்தோம். மதியத்தில் மிக்சி ஓட்ட மாட்டேன். கருவாடு வாங்குவதையே விட்டோம். எங்களைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பக் கூடாது. பேச்சு கிளம்பினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் வீடு போய்விடும்.

ஹீட்டருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகிற குழாயை ஒட்டி, சுண்டுவிரல் பருமனில் ஒரு பித்தளை மூக்கு இருந்தது. சொட்டுவது அங்கிருந்துதான். தரையில் விழுந்து ஓட்டை வழியாக வெளியே போய்விடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பயம். "ஊறி ஊறிக் கீழ எறங்கிடுச்சுன்னா? அந்தம்மா மேல வந்து பாக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா கேக்கும்" என்றார். பிளம்பரைக் கூப்பிடவும் மனமில்லை, அதற்கும் கீழே சொல்ல வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பங்குச்சி ஒன்றைக் கூராகச் சீவினார். அந்த மூக்கில் வைத்து அடித்து இறக்கினார். மேலே சைக்கிள் டியூபை வரிந்து வரிந்து கட்டினார். எங்கள் பக்கத்தில் சைக்கிள் டியூப் பார்க்காத வைத்தியம் கிடையாது. மண்வெட்டிப் பிடி ஆடினால் டியூப், மோட்டார் குழாய் பீய்ச்சினால் டியூப், கட்டில் கால் பிளந்தால் டியூப். "இப்ப சொட்டட்டும் பாப்போம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சொட்டவில்லை. வெள்ளிக்கிழமையும் சொட்டவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் ஒப்பவில்லை. இத்தனை நாள் வந்துகொண்டிருந்த தண்ணீர் எங்கே போயிற்று? கேட்டால், "நின்னாலும் குத்தம், சொட்டினாலும் குத்தமா?" என்றார்.

அது எங்கே போயிற்று என்பது மார்கழிக் கடைசியில் தெரிந்தது. உடையார்பாளையத்திலிருந்து வீட்டுக்கார அம்மாவின் கொழுந்தனார் வந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டு ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

"என்ன அண்ணி, சாமி ரூம் சீலிங்குல இவ்ளோ ஈரம்? மேல என்ன இருக்கு?"

"பாத்ரூமு தம்பி."

"நல்லா இருக்கு போங்க. கண்டவங்க குளிச்ச தண்ணியா சாமி தலையில எறங்குது? யாரு அவங்க? என்ன ஆளுங்க?"

"டீச்சரு. அவரு சிமெண்ட் பேக்டரியில இருக்காரு."

"வேலையையா கேட்டேன்?"

ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணி வைங்க. இல்லன்னா நானே மேல ஏறிப்போயி விசாரிச்சுக்கிறேன்" என்றார் கொழுந்தனார்.

செருப்புச் சத்தம் கேட்காமல் மேலே போனேன். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. மறுபடியும் எந்தத் தெரு, எந்தத் தெருன்னு ஆரம்பிச்சுடுவானுங்க. இந்தச் சனியனைக் கழட்டித் தூக்கிப் போட்டுடறேன்" என்றார்.

"தூக்கிப் போட்டுட்டு? ஈரம் எதனாலன்னே தெரியாம எதைக் கழட்டுவீங்க? நாளைக்கு லீவுதான், நான் பாக்கறேன். பொறுங்க" என்றேன்.

சனிக்கிழமை பாத்ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சுவர், குழாய், மூட்டு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தன. பிறகு உள்ளே பட்டாணி உருட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. சூடு ஏற ஏற, சூடான தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற மூட்டில் ஈரம் பூத்தது. பூத்தது முத்தாகி, தரைக்கு வராமல் சுவருக்குள்ளேயே வழிந்து இறங்கியது. விளக்கு தானாக அணைந்ததும் கசிவும் நின்றுபோனது. சூடான தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலி செய்து, மறுபடி போட்டேன். மறுபடி அதே கதை.

அடச் சே, இது நான் வருஷா வருஷம் தொண்டை கிழிய நடத்துகிற பாடமல்லவா! சூடானால் தண்ணீர் பெருகும். பெருகிய தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போக முடியாமல் குழாயில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அது வெளியேறத்தான் அந்தப் பித்தளை மூக்கு. செவ்வாயும் வெள்ளியும் நானும் மகளும் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிற நாள், ஷிஃப்ட் இல்லாத சனிக்கிழமை அவருக்கு. மற்ற நாட்களில் கரண்ட் பில்லுக்குப் பயந்து, வெதுவெதுப்பானதும் அணைத்துவிடுவோம். தலை முழுகும் நாளில் பிசுக்குப் போக வேண்டுமே என்று விளக்கு அணையும்வரை விட்டுவிடுவோம். பஞ்சாங்கம் பார்த்தது ஹீட்டர் இல்லை, நாங்கள்தான்.

சந்தோஷத்தில் எழுந்து நின்றவளுக்கு அடுத்த நொடியே உறைத்தது. அந்த வேப்பங்குச்சி. மூச்சு விடுகிற வழியை அடைத்துவிட்டு, அதன் கீழேதான் என் குழந்தையை உட்காரவைத்துத் தலை தேய்த்துவிட்டிருக்கிறேன். அந்த அழுத்தத்தில் ஹீட்டர் வெடித்திருந்தால்? ஸ்விட்சை அணைத்தேன், குழாயைத் திறந்து சூட்டையெல்லாம் போகவிட்டேன், டியூபை அறுத்தேன், குறட்டால் பிடித்து இழுத்தேன். குச்சி வெந்து கொழகொழவென்று வந்தது. பாத்ரூம் முழுக்க வேப்பிலைக் கஷாய வாசனை.

"அப்போ அது சொட்டணுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொட்டணும்."

"சொட்டறதுக்குன்னே ஒருத்தன் ஓட்டை வெச்சானா? லூசா அவன்?"

"அவன் லூசு இல்லைங்க. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தரைக்குப் போன தண்ணியைச் சாமி ரூமுக்கு அனுப்பினது நாமதான்" என்றேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அந்த மூட்டை இறுக்கினார். பித்தளை மூக்கில் ஒரு டியூபைச் செருகி, தரை ஓட்டை வரைக்கும் இழுத்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுங்காகச் சொட்டியது, மூட்டு காய்ந்தே இருந்தது.

அன்று சாயங்காலம் கீழே போனேன். வழக்கம்போல நிலைப்படிக்கு வெளியே நின்றேன். உள்ளே வாருங்கள் என்று அவர் சொன்னதில்லை, நானும் போனதில்லை. அடைத்தது நாங்கள்தான், இனி ஈரம் இறங்காது, குளித்த தண்ணீர் இல்லை அது, நல்ல தண்ணீர்தான் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "நாங்க காலி பண்ண வேண்டியிருக்குமா?" என்றும் கேட்டேன்.

"ஈரம் காய ஆரம்பிச்சுடுச்சு டீச்சர். நானும் பாத்தேன்" என்றார்.

அதோடு திரும்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "ஒண்ணு கேக்கட்டுமாம்மா? வூடு கேட்டு வந்த அன்னைக்கு எல்லாரும் கேக்கறதை நீங்க ஏன் கேக்கல?"

அவர் வாசலை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டா நீங்க நெசத்தைச் சொல்லிடுவீங்க. சொல்லிட்டா எனக்கு வூடு குடுக்க முடியாது. இவங்கல்லாம் என்னை வாழ விடமாட்டாங்க. மேல ஆள் நடமாட்டம் இல்லாம இந்த வூட்ல ஒண்டியா எனக்குப் படுக்க முடியல. அதான் கேக்கல. இனியும் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க."

தலையை ஆட்டினேன்.

"பொங்கலுக்கு எங்க கொழுந்தனாரு வருவாரு. அவரு கேப்பாரு. அன்னைக்கு மட்டும் நீங்க ஊருக்குப் போயிட்டு வந்துடுங்களேன் டீச்சர்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துக் கலங்கியதா, தன் நிலையை நினைத்தா, தெரியவில்லை.

பொங்கலன்று விடிகாலையில் மாடியைப் பூட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினோம். காலனியில் என் அம்மா எங்களை எதிர்பார்க்கவே இல்லை. அடுப்பை விட்டு ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். "இந்த வருசமாவது பொங்கலுக்கு ஊரு நெனப்பு வந்துச்சே" என்று காலனி முழுக்கப் பேத்தியைக் காட்டிவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இலையில் பொங்கலை வைத்துக்கொண்டே அம்மா கேட்டாள், "குடியிருக்கற வூட்டுக்காரங்க எப்புடி, நல்லவங்களா?"

"நல்லவங்கதான்மா" என்றேன். அது பொய்யில்லை. எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது.